ராசாக் காக்காவின் கல்

கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை ஓரம் கட்டினேன். ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமத்துக் களப்பு. கச்சான் காற்று எங்கள் இருவரையும் ஸ்கூட்டியோடு சேர்த்துத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தது.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ? பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று பின்னால் இருந்த பாக்கியம் அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. வடிவான இடம். கொஞ்சம் பாத்திட்டுப் போவம்."

"கடலை என்னத்துக்குப் பாக்கிறது? அது அங்கதானே கிடக்கு."

நான் கடல் பார்க்க நிற்கவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல நின்றேன். சற்று முன்னர் சீனன்குடாச் சந்தியில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. பேசியவர் மூதூர் நிஸ்தார் சேர். நான் அந்த ஊரில் படிப்பித்த காலத்தில் பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். எதற்கும் பதறாத மனிதர், அன்று பதறினார்.

"டீச்சர், கல்லு வந்திட்டு. ஆனா பெரிய பிழ ஒண்டு நடந்து போச்சி. பேருக்கு முன்னால 'மர்ஹூம்' எண்டு வெட்டியிருக்காங்க."

"ஆற்ற பேருக்கு?"

"நம்மட ராசாக் காக்காட பேருக்குத்தான்."

ராசாக் காக்கா என்பவர், என் முதுகுக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு இருந்த பாக்கியம் அக்காவின் கணவர். இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சொந்தப் பெயர் இராசரத்தினம். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் துறைமுகத்தைக் குறுக்கறுத்து லோஞ்ச் என்கிற பயணிகள் படகு ஓட்டியவர். விபூதி பூசாமல் சுக்கானில் கை வைக்காத சைவக்காரர். எங்கள் பக்கத்தில் இறந்துபோன சைவ ஆட்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவோம். முஸ்லிம்கள் தங்கள் ஆட்களுக்கு 'மர்ஹூம்' என்று போடுவார்கள். இரண்டையும் ஆள் மாறிப் போட்டால் என்ன நடக்கும் என்று இதுவரை யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் மூதூர் இறங்குதுறையில் அவருடைய நினைவுக் கல்லைத் திறந்து வைக்கப் போகிறவரே பாக்கியம் அக்காதான்.

"அக்கா..." என்று தொடங்கினேன்.

"ஓம், சொல்லு."

"கிண்ணியாவில தயிர் வாங்குவமோ?"

"திரும்பி வரேக்க வாங்குவம். இப்ப ஓட்டு."

ஓட்டினேன்.

கொண்டைக்கு மேல் ஹெல்மெட்

ஐம்பது வயதுக்குப் பிறகு நான் ஸ்கூட்டி பழகிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "விழாமல் ஓட்டிய கதை ஏதும் இருந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது அம்மா. அன்று ஒரு நாள் முழுக்க விழாமல் ஓட்டினேன்.

அந்த ஓட்டத்தை ஒழுங்கு செய்தவன் நிலாவெளி வசந்தன், என் மகனோடு படித்தவன். லீவு நாட்களில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. சுற்றிச் சுற்றிக் கடற்கரைகள் எல்லாம் முடிந்துபோயின. மாவட்டத்தில் கல்லாகவும் சிலையாகவும் நிற்கிற நல்ல மனிதர்களை ஒரே நாளில் பார்த்து வரலாம் என்று யோசித்தான். வடக்கே திரியாயில் தொடங்கி, தெற்கே மூதூரில் புதிதாக வைக்கப்போகும் ராசாக் காக்காவின் கல்லில் முடிப்பது என்பது திட்டம்.

"டீச்சர், நீங்கள் பாக்கியம் அம்மாவை ஓட்டோவில ஏத்திக்கொண்டு நேரா மூதூருக்கு வந்திடுங்கோ" என்றான்.

அக்காவிடம் சொன்னேன். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபது வயது.

"எல்லாரும் எங்கட மனிசனுக்கு மரியாதை செய்யக் கும்பலாப் போகேக்க, மனிசி ஓட்டோவில பின்னால போறதோ? உன்னட்ட அந்த வண்டி கிடக்குத்தானே. நானும் ஓட்டத்தில வருவன்."

விடியற்காலையில் வந்துவிட்டார். நல்ல பச்சைச் சேலை, பெரிய கொண்டை, கொண்டையில் மல்லிகை. ஹெல்மெட்டை நீட்டினேன். அது கொண்டையில் ஏறி, பானைக்குப் பொருந்தாத மூடி மாதிரி நின்றது. நான் அமத்தினேன், அக்கா ஏசினார். கடைசியில் கொண்டையை அவிழ்த்து ஒற்றைப் பின்னலாகப் பின்னிவிட்டேன். ஸ்கூட்டிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

வாசலில் நின்ற என் கணவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் சிலையளைப் பாக்கப் போறியளோ, சிலையாகப் போறியளோ?" என்றார். அவருடைய பகிடிகளில் இது கொஞ்சம் தேறியது.

பையன்களுடையவை எல்லாம் உறுமுகிற வண்டிகள். என் ஸ்கூட்டி அவர்களின் கண்ணில் குசினிச் சாமான். இருந்தாலும் மரியாதையாக எங்களை நடுவில் விட்டு, முன்னாலும் பின்னாலும் காவல் போல வந்தார்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு போனோம். வழி நெடுகப் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி வாங்கித் தின்றோம். அந்தப் பழத்தின் பால் உதட்டில் ஒட்டி, வெகுநேரம் அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த அமைதியான பகுதி அதுதான்.

போய்ச் சேர்ந்தவர்கள்

திரியாயில் விசகடி வைத்தியர் ஒருவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. பாம்பு கடித்தவர்கள் எந்த நேரத்தில் வந்து தட்டினாலும் கதவைத் திறந்தவராம். சிலைக்கு வருடா வருடம் வெள்ளிப் பூச்சு அடிப்பதில் மூக்கு பருத்துப்போய்விட்டது. கண்ணாடி மட்டும் நிஜக் கண்ணாடி. குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் பின்பக்கம் நூலால் கட்டியிருந்தார்கள்.

அக்கா சிலையைப் பார்க்கவில்லை. கீழே இருந்த எழுத்தைத்தான் குனிந்து படித்தார். "அமரர் எண்டு போட்டிருக்கு. நல்லது" என்று தலையாட்டினார்.

"அது எல்லாருக்கும் போடுறதுதானே அக்கா."

"அப்பிடிச் சொல்லாதை. அமரர் எண்டு போட்டாத்தான் ஆள் போய்ச் சேந்திட்டார் எண்டு அர்த்தம். போடாட்டி நடு வழியில நிக்கிறார்."

இந்தச் சட்டத்தை அவர் எங்கே படித்தார் என்று தெரியாது. ஆனால் அன்று முழுவதும் அதை வைத்துத்தான் ஒவ்வொருவரையும் சோதித்தார்.

நிலாவெளிக்குத் திரும்பி வந்தபோது அகப்பட்டவர் ஒரு கோல்கீப்பர். அவருக்குச் சிலை இல்லை. அவர் காத்து நின்ற கோல் கம்பத்தையே நினைவுச் சின்னமாக்கி, குறுக்குக் கம்பத்தில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. அக்கா அண்ணாந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அமரர் இல்லையே! பாவம், இன்னும் கோலுக்குள்ள நிக்கிறார்."

"எழுதினதுதான் அம்மா" என்று வசந்தன் பதறினான். "பந்து பட்டுப் பட்டு அந்த இடம் உரிஞ்சு போச்சு."

"அப்ப திருப்பி எழுதுறதுக்கென்ன? விளையாட மட்டும் தெரியுமோ?"

வரும் கிழமைக்குள் எழுதுவதாக அந்த இடத்திலேயே வாக்கு வாங்கினார். வசந்தன் பிறகு உண்மையாகவே எழுதிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அங்கிருந்து டவுனைத் தாண்டி, பாலையூற்று. அங்கே பறங்கியர் ஒருவரின் கல் இருக்கிறது. பகலில் கதிரை, மேசை செய்து, பின்னேரத்தில் வயலின் வாசித்தவர். ஊரில் அவர் வாசிக்காத கல்யாண வீடு இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கல்லில் சின்ன வயலின் ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். பையன்கள் போனில் பைலாப் பாட்டு ஒன்றைப் போட, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அக்கா காலால் தாளம் போட்டார்.

"நித்திய இளைப்பாறுதல் எண்டு எழுதியிருக்கு. அதுவும் காணும்" என்று பறங்கியரையும் தேறவைத்துவிட்டார்.

வண்டியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பார் பிள்ளை" என்றார். "அவற்ற கல்லில மட்டும் அமரர் எண்டு இல்லாட்டி, நான் கல்லை மூடின சீலையை இழுக்க மாட்டன். அப்பிடியே திரும்பி வந்திடுவன். சொல்லிப்போட்டன்."

நான் சிரித்தேன். "அதெல்லாம் ஒழுங்காப் போட்டிருப்பினம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் சீனன்குடாச் சந்தியில் போன் அடித்தது.

அண்ணை காக்கா ஆன இடம்

இந்த மனிதருக்கு ஏன் காக்கா என்று பெயர் வந்தது என்று கேட்பீர்கள். பறவை அல்ல. எங்கள் கிழக்குப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரனைக் காக்கா என்பார்கள். நாங்கள் அண்ணை என்போம்.

நான் பல வருடங்கள் அந்த லோஞ்சில் போய் மூதூரில் படிப்பித்தேன். காலையில் திருகோணமலைத் துறையில் ஏறும்போது அவர் ராசா அண்ணை. "ராசா அண்ணை, இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ." நடுக் கடலுக்கு வந்ததும் மூதூர்க் கரை தெரியத் தொடங்கும். அப்போது மறுபக்கத்து ஆட்கள் வாயைத் திறப்பார்கள். "ராசாக் காக்கா, இறங்கக்குள்ள மீன் கூடயக் கவனிங்க." மனிதர் இரண்டுக்கும் ஒரே மாதிரி "ஓம்" என்பார். பின்னேரம் திரும்பும்போது காக்கா மெல்ல மெல்ல அண்ணை ஆகிவிடுவார்.

மழைக்காலத்தில் அலை உள்ளே வந்து அடிக்கும். டீச்சர்மார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கந்தனையும் மாதாவையும் கூப்பிடுவோம். மூதூர்ப் பெண்கள் அல்லாஹ்வைக் கூப்பிடுவார்கள். அவர் பின்னால் திரும்பி, "எல்லாரும் ஒரே நேரத்தில கூப்பிடாதேங்கோ, எனக்கு இஞ்சின் சத்தம் கேக்கேல்லை" என்பார். நனைந்தபடி சிரிப்போம்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவருடைய மனைவிக்குக் கடல் ஒத்துவராது. அக்கா பிறந்தது கிளிவெட்டியில், வயல்காரக் குடும்பம். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையின் லோஞ்சிலேயே திருகோணமலைக்கு வந்தவர், பாதி வழியில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டார். அன்றோடு சரி. தாய்வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் கந்தளாய் சுற்றி ஒரு பகல் முழுக்கப் போவார். அதனால் மூதூர் ஆட்கள் ராசாக் காக்காவின் மனைவியைக் கண்டதே இல்லை. அக்காவும் மூதூரில் தன் கணவர் எப்படி இருந்தார் என்று கண்டதில்லை.

பிறகு பாலங்கள் வந்தன. சனம் பஸ்ஸில் போகப் பழகியது. லோஞ்ச் தேய்ந்து தேய்ந்து நின்றது. பாலம் திறந்த புதிதில் அவரை டவுனில் கண்டு, "கவலையா அண்ணை?" என்று கேட்டேன். "என்ன கவலை? இனி மாரி காலத்தில எனக்கு நித்திரை வரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாலை போடும் திட்டம்

பாலத்தில் இருந்து இறங்கி, கிண்ணியாவில் ஒரு வாசிப்பறைக்குப் போனோம். ஊரில் பள்ளிக்கூடம் போகாத மீனவர்களுக்குப் பின்னேரங்களில் எழுத்துப் படிப்பித்த ஒருவரின் பெயரில் கட்டியது. சிலை இல்லை, மாலை இல்லை. வாசலில் ஒரு கல், உள்ளே புத்தகங்கள். எங்களுக்கு பிளேன்டீ தந்தார்கள்.

அக்கா வழமைபோல எழுத்தைப் படித்தார். "மர்ஹூம். இது அவையின்ர அமரர், என்ன?"

தேநீர் எனக்குப் புரையேறிவிட்டது. "ஓம் அக்கா."

"அவையவைக்கு அவையவையின்ர சொல்லு. அதுதான் சரி."

நான் வசந்தனைச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு முகம் வெளிறியது. "டீச்சர், இப்பவே சொல்லிடுவமோ?"

"நீயே சொல்லு. உனக்குத்தான் ஏச்சு வாங்க வயசு இருக்கு."

அவனும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பையன்கள் கூடி ஒரு திட்டம் போட்டார்கள். கொண்டு வந்த மாலைகளில் ஒன்று மிச்சம் இருந்தது, நல்ல மொத்தமான மாலை. முன்னால் ஒருவன் விரைந்து போய், சீலைக்கு அடியில் அதைக் கல்லில் போட்டு முதல் சொல்லை மறைத்துவிடுவது. 'ராசாக் காக்கா' மட்டும் தெரியும். அக்கா கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு கல்லைத் திருத்தலாம். நிஸ்தார் சேருக்குப் போன் பண்ணினேன். "வேற வழியில்ல டீச்சர், செய்யுங்க" என்றார்.

அந்தத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அதைத் தடுக்கவும் இல்லை.

மூதூர் ரோட்டில் பாலத்துக்கு மேல் பாலமாகப் போனோம். ஆறு கடலுக்குள் விழுகிற இடத்தில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன, கொக்குகள் அவற்றின் முதுகில் நின்றன. அக்கா காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு கதைத்தார். "இந்த ரோட்டு அப்பவே இருந்திருந்தா அவற்ற வேட்டி தப்பியிருக்கும்" என்று தன் பகிடிக்குத் தானே சிரித்தார். சிரிப்பு என் முதுகில் குலுங்கியது. இந்தச் சிரிப்பை நான் கெடுக்கப்போகிறேனே என்று எனக்கு அழுகை வந்தது.

இறங்குதுறை

மூதூர் இறங்குதுறையில் நான் எதிர்பார்த்ததைவிடச் சனம் அதிகம். என்னோடு படிப்பித்தவர்கள், என்னிடம் படித்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டார். வாடிப்போன மல்லிகையைச் செருகினார். நேராகக் கல்லின் அருகே நடந்தார்.

நிஸ்தார் சேர் இரண்டு வார்த்தை பேசினார். வியர்த்துக்கொண்டே பேசினார். அக்கா சீலையை இழுத்தார். எல்லோரும் கைதட்டினோம். மாலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதன் கீழே 'ராசாக் காக்கா', அதற்கும் கீழே 'இந்தத் துறையில் எங்களைக் கரை சேர்த்தவர்'.

அக்கா கும்பிட்டார். நான் மூச்சை விட்டேன்.

"ஆர் இந்த மாலையை எழுத்துக்கு மேல போட்டது? ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, மாலையைத் தூக்கிக் கல்லின் உச்சியில் போட்டார். பிறகு குனிந்து படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது ஆர்?" என்று கேட்டார்.

வசந்தன் மெல்ல என் பின்னால் ஒதுங்கினான்.

"நான் இந்த ஆளைக் கட்டேல்லை."

"பிழ நடந்து போச்சி, மன்னிச்சிக்கங்க. திருத்தித் தந்திர்றம்" என்று நிஸ்தார் சேர் கையைப் பிசைந்தார்.

"ஒரு மனிசன் செத்தாப்பிறகு சமயத்தை மாத்துறதுக்கு ஆர் உங்களுக்கு உரிமை தந்தது?"

எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் கூட்டம் தானாக இரண்டாகப் பிரியும். அன்றும் கால்கள் மெல்ல நகர்வதைக் கண்டேன். எங்களோடு வந்த பையன்கள் ஒரு பக்கம், ஊர்ப் பையன்கள் ஒரு பக்கம். ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குள் இருந்து ஒரு இளைஞன் வந்தான். கட்டாரில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்த சிபான். அவனுடைய முயற்சியில்தான் அந்தக் கல்லே வந்தது.

"மாமி, நான்தான் எழுதி அனுப்பினன்" என்றான். "வேற ஆரையும் ஏசாதீங்க. எனக்கு ராசாக் காக்காவக் கண்ட ஞாபகம் இல்ல. எங்கட உம்மா தொழுதிட்டு துஆக் கேக்கக்குள்ள வாப்பாட பேர் சொல்லுவா, மூத்தவாப்பாட பேர் சொல்லுவா, அதுக்குப் பொறகு ராசாக் காக்காட பேர் சொல்லுவா. சின்ன வயசில இருந்து கேட்டுக் கேட்டு, அவரும் எங்கட குடும்பத்தில மௌத்தான ஒராள் எண்டுதான் நெனச்சன். அதான் மர்ஹூம் எண்டு போட்டன்."

அக்கா அவனைப் பார்த்தார். "உன்ர கொம்மா எங்க?"

பெண்கள் நின்ற பக்கத்தில் இருந்து ஒரு மெலிந்த மனிசி முந்தானையைச் சரி செய்தபடி வந்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மதினி, இவன் கைக்கொழந்தையா இருக்கக்குள்ள நெஞ்சில வருத்தம். ஒவ்வொரு கெழமையும் டவுன் ஆசுபத்திரிக்கித் தூக்கிட்டுப் போகணும். கிளினிக் முடிஞ்சி நான் ஓடி வாறதுக்குள்ள லோஞ்ச் வெளிக்கிடுற நேரம் போயிரும். காக்கா என்ன விட்டுட்டுப் போனதே இல்ல. இஞ்சின் கோளாறு எண்டு சொல்லி என்னத்தையோ கழட்டிப் பூட்டிக்கிட்டு இருப்பார். சனம் ஏசும். நான் உள்ளுக்குக் கால வெச்ச ஒடன இஞ்சின் சரியாகிரும்."

யாரோ சிரித்தார்கள். அக்காவின் உதடும் துடித்தது.

"என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டாலும் இதே இஞ்சின் கோளாறுதான் சொன்னவர்."

"அந்த நாளில இருந்தே துஆவில சேத்துக்கிட்டன் மதினி, அவர் மௌத்து எண்டு கேள்விப்பட்ட பொறகும் விடல்ல. கூடுமா கூடாதா எண்டு நான் ஆரிட்டயும் கேக்கல்ல. கேட்டா வேணாம் எண்டுருவாங்களோ எண்டு பயம்."

காற்றில் மாலை ஆடிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் நிறைந்ததைக் கண்டேன், என்னுடையது ஏற்கனவே நிறைந்திருந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அந்தத் தாயிடம் கேட்டார்.

"அந்தப் பிரார்த்தனையில என்ன பேர் சொல்லுறனீங்கள்?"

"ராசாக் காக்கா எண்டுதான். வேற பேர் எனக்குத் தெரியாதே."

"அவற்ற பேர் இராசரத்தினம்."

"இராச... ரத்தினம்" என்று அந்த மனிசி மெல்லச் சொல்லிப் பார்த்தார். "சரி மதினி. இனி அப்பிடியே சொல்றன். கல்லையும் நம்மட புள்ளையள் மாத்திருவாங்க."

"ஐயோ, வேண்டாம்!" என்று அக்கா அவருடைய கையை இறுக்கிப் பிடித்தார். "நீங்களும் மாத்தாதேங்கோ, கல்லிலயும் மாத்தாதேங்கோ. இவ்வளவு காலமும் உங்கட பிரார்த்தனை அந்தப் பேரிலயெல்லோ போய்க்கொண்டிருந்தது. இப்ப மாத்தினா, மேல இருக்கிறவை குழம்பிப்போய் வேற ஆருக்கும் குடுத்திடுவினம்."